எட்டாயிரம் மைல், ஒரே நாள்

அத்தியாயம் 7

கிச்சாவின் மன்னி ஜெயலக்ஷ்மியிடம் வரும் கேஸ்களில் பெரும்பாலும் யாரும் செத்திருக்க மாட்டார்கள். அமெரிக்கா மாப்பிள்ளை என்று சொல்கிறார்களே, அவன் அங்கே நிஜமாகவே இஞ்சினியரா, இல்லை ஓட்டலில் தட்டு கழுவுகிறானா, ஏற்கெனவே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டானா என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் தொழில். மயிலாப்பூரில் பெண்ணைப் பெற்றவர்களில் பாதிப் பேர் கச்சேரி ரோடு மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்கு ஏறி இறங்கியிருக்கிறார்கள். கிச்சாவுக்கு இந்த உத்தியோகம் பிடித்திருந்தது. போகிற இடத்தில் காபி கொடுப்பார்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

இந்தத் தடவை ஒருத்தர் செத்திருந்தார். தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்த அய்யாதுரை அண்ணாச்சி. போன திங்கட்கிழமை கடை சாத்துகிற நேரத்தில் ஏணிக்குக் கீழே மண்டை உடைந்து கிடந்தார். கடைக்குள் அவரைத் தவிர இருந்தது மேனேஜர் வைரவன் ஒருவன்தான் என்று போலீஸ் அவனைப் பிடித்து வைத்திருந்தது. வைரவனின் மனைவி தங்கபுஷ்பம் இப்போது மன்னிக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு நாளாக அழுது தீர்த்துவிட்டு வந்திருந்ததால் பேச்சு தெளிவாக இருந்தது.

"அவுக சோடா வாங்கத்தான் போனாவ. அண்ணாச்சிக்கு நெஞ்சு கரிச்சுக்கிட்டு வந்துச்சாம். தெருவுல எல்லாக் கடையும் சாத்தியாச்சு. ரெண்டு தெரு தள்ளிப் போயி, அங்கயும் கெடைக்காம திரும்பி வந்தா, அண்ணாச்சி விழுந்து கெடக்காவ."

"அவர் வெளியில போனதை யாராவது பார்த்தாளா?" என்றாள் மன்னி.

"பாத்தவுக இருந்தா நான் ஏன் இங்க வாரேன்?"

அன்று காலையில் முதலாளிக்கும் மேனேஜருக்கும் சண்டை. வைரவன் தனியாகக் கடை போடப் போகிறேன் என்று சொல்ல, அண்ணாச்சி வாடிக்கைக்காரர்கள் முன்னிலையில் கத்தித் தீர்த்துவிட்டார். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

"மத்தியானம் சைதாப்பேட்டை கோர்ட்டுக்குக் கொண்டு வாராவளாம். இன்னைக்கு ஒரு சாட்சி வரலேன்னா கொலைக் கேஸாவே போயிரும்னு வக்கீல் சொல்லுதாரு. தூக்குன்னுகூட ஒரு வார்த்தை சொன்னாரு."

"வீட்டுல அண்ணாச்சியோட வேற யாருக்காவது மனஸ்தாபம்?"

"ஒருத்தருக்கும் இல்ல. மவன் வெள்ளைத்துரை ஆறு வருசமா அமெரிக்காவுல. மருமவன் ராஜரத்தினம் ஜவுளிக்கடைக்காரரு, அவருதான் போலீசுல எழுதிக் கொடுத்தது. மவன் வந்துதான் கொள்ளி வைக்கணும்னு காத்துக் கெடந்தாவ. பாவம், தந்தி அடிச்ச மறுநா ராத்திரி பத்து மணிக்கெல்லாம் ஓடி வந்துட்டாரு."

மன்னி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அமெரிக்காவுல எங்க?"

"நியூயார்க்கு."

தங்கபுஷ்பத்தைக் கீழே காத்திருக்கச் சொல்லிவிட்டு, மன்னி கிச்சாவைப் பார்த்தாள். அவன் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தூணுக்குப் பின்னால் நின்று எத்தனையோ அமெரிக்கா மாப்பிள்ளைகள் வந்திறங்குவதைக் கண்காணித்தவன். அந்த ஒரு விஷயத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"நியூயார்க்குலேர்ந்து மெட்ராஸ் எவ்வளவு தூரம்டா?"

"நூல் பிடிச்சாப்போல வந்தா எட்டாயிரத்துச் சொச்சம் மைல். யாரும் நூல் பிடிச்சிண்டு வர்றதில்லை. லண்டன்ல இறங்கி, ரோம்ல இறங்கி, பெய்ரூட்ல எண்ணெய் போட்டுண்டு, பம்பாய்ல சுங்கத்துக்குப் பெட்டியைத் திறந்து காட்டி, அதுக்கப்புறம் மெட்ராஸ் ப்ளேனுக்குத் தேவுடு காக்கணும். எல்லாம் ஒழுங்கா நடந்தாலே ஒண்ணேகால் நாள். இறங்கறப்போ மாப்பிள்ளை மூஞ்சி புளிச்ச மாவாட்டம் இருக்கும்."

"தந்தி போய்ச் சேரணும், டிக்கெட் வாங்கணும்."

"அதையும் சேர்த்தா ரெண்டு நாளுக்குக் கொறைஞ்சு முடியாது. இவன் ஒரே நாள்ல வந்திருக்கான். ஆஞ்சநேயர் பரம்பரையோ என்னமோ."

"துக்கம் விசாரிச்சுட்டு வந்துடலாம் வா," என்று மன்னி குடையை எடுத்தாள். "பேச்சை நான் பார்த்துக்கறேன். நீ ஆளைப் பாரு."

புகார் கொடுத்தவர்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று தங்கபுஷ்பம் சொல்லிவிட்டாள். அவளை மாம்பலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இருவரும் உஸ்மான் ரோடை ஒட்டிய தெருவில் இருந்த அய்யாதுரையின் வீட்டுக்குப் போனார்கள்.

கூடத்தில் அண்ணாச்சியின் போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மகன் வெள்ளைத்துரை, மொட்டைத் தலையும் இடுப்பில் வேட்டியுமாக மூலையில் கால் நீட்டிக் கிடந்தான். மருமகன் ராஜரத்தினம்தான் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது. மன்னி தன்னைப் பழைய வாடிக்கைக்காரி என்று சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை, அவர்கள் வீட்டு இட்லிப் பானை அண்ணாச்சி கடையில் வாங்கியதுதான்.

"பிள்ளை அவ்வளவு தூரத்துலேர்ந்து ஒரே நாள்ல வந்துட்டாராமே," என்று ஆரம்பித்தாள் மன்னி.

"அதுல ஒரு கணக்கு இருக்கு," என்றார் ராஜரத்தினம். ஏழு நாளாக வந்தவர்களுக்கெல்லாம் அதை விளக்கியிருந்தபடியால் சரளமாக வந்தது. "நாம இங்க திங்கக்கிழமை ராத்திரி தந்தி அடிக்கோம். அங்க அப்பத்தான் திங்கக்கிழமை காலையில. அப்ப மச்சானுக்கு அரை நாள் லாபமாச்சா? அந்த அரை நாள்ல பாதித் தூரம் வந்துரலாம்."

மன்னி இதுவரை தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டவள் போலத் தலையாட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கிச்சா தரையைப் பார்த்தான். தரையில் வெள்ளைத்துரையின் கால்கள் இருந்தன.

"அவுக கொடுத்து வெச்சது, மவன் கையால கொள்ளி கெடைச்சுது," என்றாள் பேச்சியம்மாள். "வாசல்ல டாக்ஸி வந்து நிக்குது. யாருன்னு பாத்தா எம்புள்ள. நம்ம ஸ்டேசன் ஸ்டாண்டு ஷரீஃபு பாய் வண்டி."

"ஷரீஃப் பாய் மீனம்பாக்கத்துக்கே போய்க் கூட்டிண்டு வந்தாரா?"

"அப்பிடித்தான் இருக்கும். அந்நேரம் அதையெல்லாம் யாரு கேட்டா."

வெள்ளைத்துரை காலை மடக்கிக்கொண்டான்.

தெருமுனை திரும்பியதும் கிச்சா அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்தான். "கால்ல நாமம் போட்டிண்டிருக்கான், மன்னி. ரெண்டு கால்லயும்."

"என்னடா உளறறே?"

"ரப்பர் செருப்பு வார். கால் பூரா கறுத்திருக்கு, வார் இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கு. கட்டை விரல் சந்துலேர்ந்து ரெண்டு பக்கமும் கோடு. வருஷக்கணக்கா வெயில்ல அலைஞ்சாத்தான் அப்படி விழும், எனக்கே இருக்கு. இப்போ தை மாசம். நியூயார்க்ல பனி கொட்டிண்டிருக்கும். அங்க ரப்பர் செருப்போட நடந்தா விரல்தான் கழண்டு வரும்."

மன்னி குடையை விரித்துக்கொண்டு நாலு அடி நடந்தாள். "அந்த மருமகன் சொன்ன அரை நாள் லாபம் எங்கேடா போச்சு?"

"எங்கே போச்சு?"

"கடிகாரத்தைப் பின்னாடி தள்ளி வெச்சா ப்ளேன் சீக்கிரம் வந்துடுமா? நம்மூர் கடிகாரம் ஒண்ணை மட்டும் பாரு. அவன் அங்க சாயங்காலம் ப்ளேன் ஏறினாக்கூட, அப்போ இங்க செவ்வாய்க்கிழமை விடிஞ்சாச்சு. அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு அந்தப் ப்ளேன் எங்கே இருக்கும்?"

"பெய்ரூட்ல எண்ணெய் போட்டுண்டிருக்கும்."

"இவன் தி. நகர்ல டாக்ஸியை விட்டு இறங்கிண்டிருக்கான். ஸ்டேஷனுக்கு நட."

ஷரீஃப் பாய் மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் தன் கறுப்பு மஞ்சள் டாக்ஸியின் பானெட் மேல் சாய்ந்துகொண்டிருந்தார். கிச்சா ஒரு சிகரெட்டை நீட்டினான்.

"இன்னா சார், போலீஸா?"

"பார்த்தா போலீஸ் மாதிரியா இருக்கேன்?"

"இல்ல. போலீஸ்னா சிகரெட்டு வாங்கிப்பாங்கோ, குடுக்க மாட்டாங்கோ." பற்றவைத்துக்கொண்டார். "இன்னா வோணும், கேளு."

"எவர்சில்வர் கடை அண்ணாச்சி பிள்ளையை மீனம்பாக்கத்துலேர்ந்து கூட்டிண்டு வந்தது நீங்கதானே?"

"மீனம்பாக்கமா? மேற்கு மாம்பலம் நைனா. லேக் வியூ ரோட்டாண்ட கையில பொட்டியோட ஏறுனாரு. தி. நகர் போன்னாரு. இந்தாண்ட ஏறி அந்தாண்ட எறங்குற தூரம், சரின்னு வுட்டேன். பனகல் பார்க்காண்ட வந்ததும் நிறுத்துன்னாரு. நிறுத்துனா எறங்கல. ஒரு மணி நேரம் பின்னாடி குந்திக்கினு அழுதுகினே கீறாரு. மீட்டரு ஓடிக்கினே கீது. அழுவுற ஆளைப் பாத்து எறங்குன்னு எப்படிச் சொல்றது?"

"இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலியே."

கிச்சாவுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. மன்னியைத் தனியாக அழைத்துக்கொண்டு போனான். "முடிஞ்சது மன்னி. அப்பாவைத் தள்ளி விட்டுட்டு, அமெரிக்காவுல இருந்தேன்னு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கான். நேரா போலீசுக்குப் போயிடலாம்."

"கொலை பண்ணினவனுக்கு ஏண்டா அவ்வளவு அவசரம்?"

"புரியலை."

"ஊர்லயே இல்லைன்னு சொல்றதுதான் அவனுக்குக் காப்பு. அப்படிப்பட்டவன் சாவகாசமா மூணு நாள் கழிச்சு வருவான், யாரும் சந்தேகப்பட மாட்டா. இவன் ஒரு நாள்கூட முழுசாக் காத்திருக்கலை. மாட்டிப்போம்னு தெரிஞ்சும் வந்திருக்கான். எதுக்கு?"

கிச்சா யோசித்துப் பார்த்தான். அது அவனுக்கு வழக்கமில்லாத வேலை, ஆகையால் டாக்ஸிக் கதவைத் திறந்து விட்டான். தங்கபுஷ்பத்தையும் ஏற்றிக்கொண்டு வண்டி மறுபடி தி. நகர் வந்தது. அவள் வண்டியிலேயே இருந்துகொண்டாள்.

வெள்ளைத்துரை மொட்டை மாடியில் தனியாக நின்றிருந்தான். கிச்சா மாடிப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். தப்பி ஓட வந்தால் தடுக்க வேண்டும் என்பது எண்ணம், ஓடுகிறவன் கனமாக இருந்தால் ஒதுங்கிவிடுவது என்பதும் எண்ணம்.

"ஷரீஃப் பாய் வாசல்லதான் இருக்கார்," என்றாள் மன்னி. "லேக் வியூ ரோடுன்னு சொல்றார். நீங்க சொல்லுங்கோ, எத்தனை நாளா அங்கே இருக்கேள்?"

வெள்ளைத்துரை மறுக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு வருசமாகப் போகுது. படிப்பு முடியல, வேலையும் போச்சு, திரும்பி வந்துட்டேன். வீட்டுக்கு வரத்தான் வந்தேன். கடை வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள அப்பா ஒரு டம்ளர் வாங்க வந்த பொம்பளைகிட்ட, எம்மவன் நியூயார்க்குல இஞ்சினியருன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்படியே திரும்பிட்டேன். இப்ப ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு பட்டறையில வேலை. சைக்கிள்ல போயிட்டு வாரேன். காயிதம் எல்லாம் அங்க இருக்க கூட்டாளி போடுதான்."

"திங்கட்கிழமை ராத்திரி எங்கே இருந்தேள்?"

"கடைக்கு எதிர்த்தாப்ல. தெனமும் அங்கதான் நிப்பேன். சாத்தின கடை ஒண்ணோட வாசல்ல நின்னு, அப்பா கடையைச் சாத்துறதைப் பாத்துட்டுப் போவேன்."

கிச்சா ஒரு அடி முன்னால் வந்தான்.

"ஷட்டரு பாதி எறங்கியிருந்துச்சு," என்றான் வெள்ளைத்துரை. "வைரவண்ணன் குனிஞ்சு வெளிய வந்து தெருக்கோடிக்குப் போனாவ. அப்புறம் அப்பா காலு மட்டும் தெரிஞ்சுது. கடை சாத்துமுன்ன மேல இருக்க சாமி படத்துக்குச் சூடம் காட்டணும். எப்பவும் வைரவண்ணன்தான் ஏறுவாவ. அன்னைக்குச் சண்டை, அப்பாவே ஏறுனாரு. காலு மேல போயி மறைஞ்சுது. அப்புறம் அப்பாவே கீழ வந்தாரு."

மாடியில் காயப்போட்டிருந்த வேட்டி காற்றில் அடித்துக்கொண்டது.

"ஓடுனேன். ஷட்டருகிட்ட போறதுக்குள்ள வைரவண்ணன் வந்துட்டாவ. அப்பாவைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு அலறினாவ. நான் பின்னால நகந்துட்டேன். மூணு நாளு கழிச்சு வரணும்னுதான் நெனச்சேன். அந்த வழியா வந்தவன்தான, எம்புட்டு நேரம் ஆகும்னு தெரியாதா? ஒரு பகலுதான் உக்கார முடிஞ்சுது."

கொலைகாரன் என்று நினைத்து வந்தால், ஊரெல்லாம் தேடிய சாட்சி அவனாக இருந்தான். கிச்சாவுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, சரியான கோபம்.

"வைரவனைப் பிடிச்சிண்டு போனது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஏழு நாளா தெரியும். அவர் பொண்டாட்டி கீழே டாக்ஸியில உட்கார்ந்திண்டிருக்கா. நீங்க வாயைத் திறந்தா அவர் வீட்டுக்கு வரலாம், திறக்கலைன்னா கயிறு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

மன்னி குடையை மடக்கிக் கட்டினாள். "மாப்பிள்ளை பொய் சொன்னா பொண்ணாத்துல போய்ச் சொல்றது என் தொழில். பிள்ளை பொய் சொன்னா அவனேதான் அம்மாகிட்டச் சொல்லணும். கோர்ட் கலையறதுக்குள்ள சொல்லுங்கோ."

அவன் கிச்சாவைத் தாண்டிக் கீழே இறங்கினான். கூடத்தில் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. ராஜரத்தினம் நடுவில் ஏதோ கேட்க வாயெடுத்தார். மாமியார் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். பேச்சியம்மாள் அழவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"சட்டையை மாட்டுல. மொதல்ல கோர்ட்டு."

டாக்ஸியில் கிச்சா முன்னால் ஏறிக்கொண்டான். பின்னால் மற்ற நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் தங்கபுஷ்பத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி மவுண்ட் ரோடுக்கு வந்த பிறகுதான் மகனிடம் பேசினாள்.

"ஒன் ரூமு எம்புட்டுத் தூரம்ல?"

"ரயில்வே லைனுக்கு அந்தாண்டதாம்மா. சைக்கிள்ல கால் மணி."

"அமெரிக்கா போனா என்ன, போகாட்டா என்ன. படிப்பு வரலேன்னு ஒன் ஐயாகிட்ட நான் சொல்லியிருப்பேன். நாலு ஏச்சு ஏசிட்டு, கல்லாவுல கொண்டு உக்கார வெச்சிருப்பாவ."

வெள்ளைத்துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"செவ்வாக்கிழமை மத்தியானமே ஆசுபத்திரியில இருந்து அவுகளைக் கொடுத்துட்டாவ. பொழுது சாயுமுன்ன எடுத்துருவோம்னு எல்லாரும் சொன்னாவ. எம்மவன் எட்டாயிரம் மைலு தாண்டி வாரான், வந்துதான் எடுக்கணும்னு நான்தான் பிடிவாதமா நின்னேன்." அவள் குரல் ஏறவில்லை. "ஐஸ் கட்டி மேல போட்டு வெச்சிருந்தோம்ல. விடிய விடியப் போட்டு வெச்சிருந்தோம். அவுகளுக்குக் குளிரு ஆகாது. ஒனக்குத் தெரியாதா?"

வெள்ளைத்துரை முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஷரீஃப் பாய் கண்ணாடியில் பின்னால் பார்ப்பதை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் வண்டி நின்றது. பேச்சியம்மாள் முதலில் இறங்கினாள். தங்கபுஷ்பத்தை இறக்கிவிட்டாள். மகன் இறங்கவில்லை. அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, சவரம் செய்த அந்தத் தலையின் மேல் வைத்தாள்.

"எறங்கு மக்கா," என்றாள். "வைரவன் காத்துக்கிட்டு இருப்பான்."